மேக்னட் தொடக்கப் பள்ளிகள்: சேர்க்கைப் பட்டியலும் தேர்ச்சிப் பட்டியலும்

அமெரிக்கப் பொதுப்பள்ளி ஒன்றைப் பற்றிய அரசு அறிக்கையைத் திறந்தால் முதலில் இரண்டு அட்டவணைகள் கண்ணில் படும். மாணவர்களில் கறுப்பினத்தவர், லத்தீனோக்கள், வெள்ளையர், ஆசியர் எத்தனை விழுக்காடு, வறிய குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை விழுக்காடு என்பதை ஓர் அட்டவணை சொல்லும். வாசிப்பிலும் கணிதத்திலும் எத்தனை பேர் தேர்ச்சி நிலையை எட்டினர் என்பதை மற்றது சொல்லும். பெரும்பாலோர் இரண்டாவது அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு, ‘நல்ல பள்ளி’, ‘மோசமான பள்ளி’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். முதல் அட்டவணையின்றி இரண்டாவதை வாசிக்க இயலாது என்பதே நமது வாதம்.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க ‘மேக்னட் பள்ளி’ எனப்படும் பொதுப்பள்ளி வகையைவிடப் பொருத்தமான களம் வேறில்லை. இன அடிப்படையிலான பிரிவினையை உடைப்பதற்கென்றே உருவானவை இப்பள்ளிகள். அவற்றின் வரலாறு, அவற்றைச் சூழ்ந்த வழக்குகள், அவற்றின் மதிப்பெண்களை வாசிக்கும் முறை ஆகியவற்றைத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். கனெக்டிகட் மாநிலத் தலைநகரான ஹார்ட்ஃபோர்டை மைய எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம்.

மேக்னட் பள்ளி என்பது என்ன?

அமெரிக்காவில் ஒரு குழந்தை எந்தப் பொதுப்பள்ளியில் சேரும் என்பதைப் பொதுவாக அக்குழந்தையின் வீட்டு முகவரியே தீர்மானிக்கிறது. வீடு எங்கே வாங்க முடியும், எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்பதை வருமானமும் இனமும் தீர்மானிக்கின்றன. ஆகவே குடியிருப்பில் உள்ள பிரிவினை அப்படியே வகுப்பறைக்குள் இறங்குகிறது.

மேக்னட் பள்ளி இந்த முகவரி விதியிலிருந்து விலகியது. அரசு நிதியில், கட்டணமின்றி இயங்கும் இப்பள்ளி, ஒரு சிறப்புப் பாடத்திட்டத்தைக் காட்டிப் பல பகுதிகளிலிருந்து மாணவர்களைக் காந்தம்போல ஈர்க்க முயல்கிறது. மான்டிசோரி முறை, அறிவியலும் தொழில்நுட்பமும், கலை, இருமொழிக் கல்வி, சுற்றுச்சூழல் அறிவியல் என அந்தச் சிறப்பு எதுவாகவும் இருக்கலாம். தொடக்க நிலையில் பெரும்பாலும் குலுக்கல் முறையிலேயே இடம் வழங்கப்படுகிறது. நுழைவுத் தேர்வின் மூலம் மாணவரைப் பொறுக்கி எடுக்கும் பள்ளிகளும் ‘மேக்னட்’ என்ற பெயரில் உண்டு. இவ்விரண்டு வகையையும் ஒன்றாகக் கருதக் கூடாது. இன்று அமெரிக்காவில் 3,000க்கும் மேற்பட்ட மேக்னட் பள்ளிகளில் 20 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் படிக்கிறார்கள்.

நீதிமன்றங்கள் வகுத்த பாதை

1954ஆம் ஆண்டு பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொதுப்பள்ளிகளில் இன அடிப்படையில் மாணவரைப் பிரிப்பது அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த பின்னும் தென்மாநிலங்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தன. ‘விரும்பும் பள்ளியை அவரவர் தேர்ந்தெடுக்கலாம்’ என்ற திட்டத்தை வைத்துக்கொண்டு பழைய பிரிவினையைக் காப்பாற்றிய கல்வி வாரியங்களும் இருந்தன. 1968ஆம் ஆண்டு கிரீன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தியை ஏற்க மறுத்தது. பிரிவினையை வேரோடு அகற்றும் கடமை கல்வி வாரியத்தையே சாரும் என்றது.

அதே 1968இல்தான் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில், கறுப்பினக் குழந்தைகள் பெரும்பான்மையாக இருந்த மெக்கார்வர் தொடக்கப் பள்ளி, நாட்டின் முதல் மேக்னட் பள்ளியாக மாற்றப்பட்டது. கறுப்பினக் குழந்தைகளைப் பேருந்தில் ஏற்றி வெள்ளையர் பள்ளிக்கு அனுப்புவதற்கு மாறாக, வெள்ளையர் குழந்தைகள் தாமாக இப்பள்ளியைத் தேடி வரும்படி செய்வதே அதன் எண்ணம். அடுத்த ஆண்டு பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதியில் வில்லியம் மன்ரோ டிராட்டர் பள்ளி திறக்கப்பட்டது.

இந்தச் சிறு முயற்சியை நாடு தழுவிய கொள்கையாக மாற்றியது, ஒரு வகையில், ஒரு தோல்வி. டெட்ராய்ட் நகரப் பள்ளிகளில் கறுப்பினத்தவரும் சுற்றியுள்ள புறநகர்ப் பள்ளிகளில் வெள்ளையரும் குவிந்திருந்த நிலையில், நகரையும் புறநகரையும் இணைத்துத் தீர்வு காண வேண்டும் என்று கீழ் நீதிமன்றங்கள் கூறின. 1974ஆம் ஆண்டு மில்லிகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் அதை ரத்து செய்தது. புறநகர்க் கல்வி மாவட்டங்கள் பிரிவினைக்குக் காரணமாக இருந்தன என்று மெய்ப்பிக்காதவரை அவற்றைத் தீர்வுக்குள் இழுக்க முடியாது என்பது அதன் சாரம். பிரவுன் வழக்கை வழக்கறிஞராக நின்று வென்ற தர்குட் மார்ஷல், இப்போது அதே நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்து, மாறுபட்ட தீர்ப்பை எழுதினார்.

மில்லிகன் தீர்ப்புக்குப் பின் வெள்ளையர் குடும்பங்கள் நகர எல்லையைத் தாண்டிக் குடியேறினால் போதும் என்றாயிற்று. நீதிமன்ற ஆணை அவர்களைத் தொடராது. கட்டாயம் இல்லாதபோது எஞ்சியது ஈர்ப்பு. மேக்னட் பள்ளிகள் பெருகிய சூழல் இதுதான். 1984இல் நடுவண் அரசு மேக்னட் பள்ளிகளுக்கென்றே தனி நிதியுதவித் திட்டத்தையும் தொடங்கியது. கட்டாயப்படுத்த முடியாத சலுகைபெற்ற வகுப்பினரை, அவர்கள் விரும்பும் வசதியைக் கொடுத்து வரவழைப்பது என்ற அடிப்படை அப்போதே இக்கொள்கையில் பதிந்துவிட்டது. பின்னாளில் எழுந்த முரண்பாடுகள் பலவும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

ஹார்ட்ஃபோர்ட்: எல்லைக்கோட்டை எதிர்த்த வழக்கு

1989இல் கறுப்பின, பியூர்டோ ரிகோ வம்சாவளி, வெள்ளையினக் குழந்தைகள் சிலர் தம் பெற்றோர் வழியாகக் கனெக்டிகட் அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். முதல் மனுதாரரான மைலோ ஷெஃப் அப்போது நான்காம் வகுப்பு மாணவர். அவர் பெயரால் ‘ஷெஃப் எதிர் ஓ’நீல்’ என்று இவ்வழக்கு அறியப்படுகிறது. அவருடைய தாய் எலிசபெத் ஹார்டன் ஷெஃப் பல்லாண்டுகள் இப்போராட்டத்தின் முகமாக விளங்கினார்.

நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட புள்ளிவிவரம் தெளிவாக இருந்தது. 1991-92 கல்வியாண்டில் கனெக்டிகட் பொதுப்பள்ளி மாணவர்களில் சிறுபான்மை இனத்தவர் 25.7 விழுக்காடு. ஹார்ட்ஃபோர்ட் நகரப் பள்ளிகளிலோ அவர்கள் 92.4 விழுக்காடு. நகரின் 25 தொடக்கப் பள்ளிகளில் 14 பள்ளிகளில் வெள்ளையினக் குழந்தைகள் 2 விழுக்காடுகூட இல்லை. நாட்டின் செல்வம் மிகுந்த மாநிலங்களில் ஒன்றின் தலைநகர் நிலை இது.

வழக்கின் சட்ட நுணுக்கம் நம் மாணவர்கள் கவனிக்க வேண்டியது. மில்லிகன் தீர்ப்பு குறுக்கே நின்றதால் மனுதாரர்கள் நடுவண் அரசமைப்புச் சட்டத்தை நம்பவில்லை. மாநில அரசமைப்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டனர். இலவசப் பொதுக்கல்வியை அது உறுதிசெய்கிறது. அதோடு, இனத்தின் பேரால் பாகுபாடு கூடாது என்பதுடன் நில்லாமல், எவரையும் பிரித்து ஒதுக்குதலுக்கு உட்படுத்தக் கூடாது என்றும் வெளிப்படையாகக் கூறுகிறது. இவ்விரு பிரிவுகளையும் இணைத்து வாசித்தால், பிரிவினையை அரசு வேண்டுமென்றே உருவாக்கியதா என்ற கேள்வி பின்னுக்குப் போகிறது. பிரிவினை இருக்கிறதா என்பதே முதன்மையாகிறது.

1995இல் விசாரணை நீதிமன்றம் அரசுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1996 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. தலைமை நீதிபதி எல்லன் ஆஷ் பீட்டர்ஸ் எழுதிய அத்தீர்ப்பு, ஊர் எல்லையையே கல்வி மாவட்ட எல்லையாக்கிய 1909ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டிக்காட்டியது. ஹார்ட்ஃபோர்ட் பள்ளிகளில் சிறுபான்மை இனக் குழந்தைகள் குவிந்திருப்பதற்கு மிக முக்கியமான ஒற்றைக் காரணம் அந்த எல்லைக்கோடே என்றது. அச்சட்டம் இனப்பகையால் இயற்றப்பட்டது என்று நீதிமன்றம் கூறவில்லை. தீய நோக்கமின்றி வரைந்த கோடாயினும், அதன் விளைவு பிரிவினையாக இருக்கும்போது அதைச் சரிசெய்யும் கடமை அரசுக்கு உண்டு என்றது. ஊருக்கும் சேரிக்கும் இடையிலான எல்லை யார் உத்தரவும் இல்லாமலே எப்படி வேலைசெய்யும் என்பதை அறிந்தவர்களுக்கு இத்தீர்ப்பின் எடையை விளக்கத் தேவையில்லை.

ஆனால் என்ன தீர்வு என்பதை நீதிமன்றம் வகுக்கவில்லை, சட்டமன்றத்திடம் விட்டது. அங்கே காலம் கரைந்தது. 2003இல்தான் முதல் சமரச ஒப்பந்தம் கையெழுத்தானது. ஹார்ட்ஃபோர்ட் சிறுபான்மை இன மாணவர்களில் 30 விழுக்காட்டினரை நான்கு ஆண்டுகளுக்குள் பிரிவினை குறைந்த பள்ளிகளில் சேர்ப்பது அதன் இலக்கு. புதிய மேக்னட் பள்ளிகளைத் திறப்பது, நகரக் குழந்தைகளைப் புறநகர்ப் பள்ளிகளுக்கு அனுப்புவது ஆகிய இரண்டும் வழிகள். இலக்கு எட்டப்படவில்லை. 2008இலும் 2013இலும் மீண்டும் ஒப்பந்தங்கள் போடப்பட்டன. படிப்படியாக 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஹார்ட்ஃபோர்ட் சிறுபான்மை இனக் குழந்தைகள் இவ்வகைப் பள்ளிகளுக்கு வந்தனர். நான்காம் வகுப்பில் படித்தபோது மனுதாரரான சிறுவன், இந்த எண்ணிக்கையைக் காணும்போது நடுவயதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

காலி இருக்கையும் காத்திருந்த குழந்தையும்

ஒப்பந்தங்களின்படி ஒரு மேக்னட் பள்ளி ‘பிரிவினை குறைந்த பள்ளி’ எனக் கணக்கில் வர வேண்டுமானால், கறுப்பின, லத்தீனோ மாணவர்கள் 75 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மீதி 25 விழுக்காடாவது வெள்ளையரும் ஆசியரும் பிறரும் இருக்க வேண்டும். தாளில் நியாயமாகத் தோன்றும் இந்த விதி நடைமுறையில் ஒரு கொடிய காட்சியைத் தோற்றுவித்தது. புறநகரிலிருந்து போதிய வெள்ளையினக் குழந்தைகள் விண்ணப்பிக்காத பள்ளிகளில் இருக்கைகள் காலியாக விடப்பட்டன. அதே நேரத்தில் அப்பள்ளிகள் இருக்கும் தெருவிலேயே வாழ்ந்த கறுப்பின, லத்தீனோக் குழந்தைகள் காத்திருப்போர் பட்டியலில் நின்றனர். அவர்களைச் சேர்த்தால் விகிதம் குலையும் என்பது காரணம்.

2018இல் ஹார்ட்ஃபோர்டைச் சேர்ந்த கறுப்பின, லத்தீனோப் பெற்றோர் சிலர் இந்த விதியை எதிர்த்து நடுவண் நீதிமன்றம் சென்றனர். அவர்களுக்காக வழக்காடியது பசிபிக் லீகல் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு. இனத்தைக் கணக்கில் கொள்ளும் அரசுத் திட்டங்களையே பொதுவாக எதிர்த்து வரும் வலதுசாரிச் சட்ட அமைப்பு அது. ஷெஃப் மனுதாரர்களின் நெருக்கடியை நாம் இங்கே உணர முடிகிறது. பெற்றோரின் குறை உண்மையானது. அக்குறையைக் கையிலெடுத்தவர்களின் நோக்கமோ தீர்வையே கலைப்பது.

நமது நிலைப்பாட்டை மறைக்க விரும்பவில்லை. விகித விதி தவறான இடத்தில் சுமையை ஏற்றியது. பிரிவினையால் பாதிக்கப்பட்ட குழந்தையின் உரிமை, சலுகைபெற்ற குழந்தை வருவதைப் பொறுத்து அமைந்தது. வெள்ளையர் வராவிட்டால் தண்டனை பெற்றவர் கறுப்பினக் குழந்தை. ஆனால் இதிலிருந்து ‘இனத்தையே கணக்கில் எடுக்கக் கூடாது’ என்ற முடிவுக்குத் தாவுவது, நோயைக் குறிப்பேட்டிலிருந்து அழித்துவிட்டால் உடல் நலமாகிவிடும் என்பதற்கு ஒப்பாகும். போதிய எண்ணிக்கையில் நல்ல பள்ளிகளைக் கட்டாததே காத்திருப்போர் பட்டியலின் முதற்காரணம். புறநகர் மாவட்டங்கள் நகரக் குழந்தைகளுக்குத் தம் பள்ளிகளைப் போதிய அளவு திறக்காதது அடுத்த காரணம்.

சட்டச் சூழலும் அதற்குள் மாறியிருந்தது. 2007ஆம் ஆண்டு சியாட்டில், லூயிவில் நகரங்களின் பள்ளிச் சேர்க்கை வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில், தனிப்பட்ட மாணவரின் இனத்தை வைத்துப் பள்ளியில் இடம் ஒதுக்கிய திட்டங்களை ரத்து செய்தது. முடிவில் பெரும்பான்மையோடு சேர்ந்த நீதிபதி கென்னடி, தனியே எழுதிய கருத்தில், இனத் தனிமைப்படுத்தலைத் தவிர்ப்பது அரசுக்கு உரிய நியாயமான நோக்கமே என்றார். பள்ளி எங்கே கட்டுவது, சேர்க்கைப் பகுதியின் எல்லையை எப்படி வரைவது போன்ற முடிவுகளில் இனத்தைக் கருத்தில் கொள்ளலாம் என்றும் கூறினார். அதன்பின் பல மாவட்டங்கள் இனத்துக்குப் பதிலாகக் குடும்ப வருமானம், பெற்றோரின் கல்வி, வாழும் பகுதியின் நிலை ஆகியவற்றை நோக்கித் திரும்பின. ஹார்ட்ஃபோர்டிலும் 2020 ஒப்பந்தம் குலுக்கலைப் பொருளாதார, சமூக நிலை சார்ந்ததாக மாற்றியது. இடம் கேட்கும் ஹார்ட்ஃபோர்ட் குழந்தைகள் அனைவருக்கும் இடம் தரும் நிலையை எட்டுவதாக 2022 ஒப்பந்தத்தில் மாநில அரசு உறுதியளித்தது. வழக்குத் தொடுத்து 33 ஆண்டுகள் கழித்து வந்த உறுதிமொழி அது.

தேர்ச்சி விழுக்காட்டை வாசிப்பது எப்படி?

இனி இரண்டாவது அட்டவணைக்கு வருவோம். ஒரு மேக்னட் தொடக்கப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு அருகிலுள்ள சாதாரணப் பள்ளியைவிட அதிகம் என்று வைத்துக்கொள்வோம். அது பள்ளியின் சாதனையா? முடிவு செய்யுமுன் சிலவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, யார் விண்ணப்பித்தார்கள் என்பது. குலுக்கலில் கலந்துகொள்ள ஒரு பெற்றோர் அப்படியொன்று இருப்பதை அறிந்திருக்க வேண்டும், கெடுவுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தொலைவிலுள்ள பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் துணிவும் வேண்டும். மூன்று வேலை பார்க்கும் தாய்க்கும், ஆங்கிலம் அறியாத குடும்பத்துக்கும் இவை எளிதல்ல. விண்ணப்பித்த குடும்பங்கள் ஏற்கெனவே வேறுபட்டவை. இதனால்தான் நேர்மையான ஆய்வாளர்கள் மேக்னட் மாணவரை அருகிலுள்ள பள்ளி மாணவரோடு நேரடியாக ஒப்பிடுவதில்லை. குலுக்கலில் வென்றவரையும், விண்ணப்பித்துத் தோற்றவரையும் ஒப்பிடுகிறார்கள். இருவர் வீட்டிலும் அக்கறை உண்டு. வேறுபாடு அதிர்ஷ்டம் மட்டுமே.

இரண்டாவது, சராசரி செய்யும் மாயம். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பள்ளியில் 400 குழந்தைகள். 300 பேர் வறிய குடும்பத்தினர், 100 பேர் வசதியான குடும்பத்தினர். வறியோரில் 30 விழுக்காடும் வசதியுடையோரில் 70 விழுக்காடும் தேர்ச்சி பெறுகிறார்கள். அதாவது 90 பேரும் 70 பேரும், மொத்தம் 160 பேர். பள்ளியின் தேர்ச்சி 40 விழுக்காடு. பள்ளி மேக்னட்டாக மாறிய பின் வறியோர் 200, வசதியுடையோர் 200 என்றாகிறது. இரு பிரிவினரின் தேர்ச்சி விகிதமும் சிறிதும் மாறவில்லை. இப்போது 60 பேரும் 140 பேரும், மொத்தம் 200 பேர் தேறுகிறார்கள். பள்ளியின் தேர்ச்சி 50 விழுக்காடு. நாளிதழ் ‘பத்துப் புள்ளி முன்னேற்றம்’ என்று எழுதும். எந்த ஒரு பிரிவும் முன்னேறவில்லை. மாறாக, 100 வறிய குழந்தைகளின் இடம் அப்பள்ளியில் இல்லாமற் போயிற்று. அவர்கள் எங்கே போனார்கள் என்பதை அந்த விழுக்காடு சொல்லாது.

மூன்றாவது, பிரிவுவாரி விவரம். 2002இல் கையெழுத்தான ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ என்ற நடுவண் சட்டம், இனம், வறுமை, ஊனம், ஆங்கிலம் கற்கும் நிலை ஆகிய பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் தேர்வு முடிவைத் தனித்தனியே வெளியிடுவதைக் கட்டாயமாக்கியது. அச்சட்டத்தின் மற்ற அம்சங்கள் மீது கடும் விமர்சனங்கள் உண்டு. ஆனால் சராசரிக்குப் பின்னால் ஒளிவதை இந்த விதி கடினமாக்கியது. 2015இல் வந்த அடுத்த சட்டமும் இவ்விதியைத் தொடர்கிறது. எனினும் ஒரு பிரிவில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைவான மாணவர்கள் இருந்தால் அவர்களது முடிவு வெளியிடப்படாது. தனியுரிமை இதற்குக் காரணம். சிறிய தொடக்கப் பள்ளிகளில் இதன் விளைவு, மிகக் குறைவாக இருக்கும் பிரிவினரே கணக்கிலிருந்து மறைவது.

நான்காவது, வறுமையின் அளவுகோல். அமெரிக்கப் பள்ளிகளில் வறுமையை அளக்க நெடுங்காலம் பயன்பட்டது மதிய உணவுத் தகுதி. குடும்ப வருமானம் நடுவண் வறுமைக்கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் இலவச உணவு. 185 விழுக்காட்டுக்குள் இருந்தால் குறைந்த விலை உணவு. ஒருவேளை உணவுக்கும் வழியற்ற குழந்தையும், ஓரளவு நிலையான வருமானம் உள்ள குழந்தையும் ஒரே பெட்டியில் அடைக்கப்படுகின்றனர். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, வறுமை மிகுந்த பள்ளிகள் அனைத்துக் குழந்தைகளுக்கும் இலவச உணவு தரலாம் என்றானது. நல்ல சட்டம்தான். ஆனால் அத்தகைய பள்ளிகளில் ‘100 விழுக்காடு’ என்ற எண் வறுமையின் அளவாக இனி நம்பத்தக்கதல்ல.

ஐந்தாவது, எந்த வகுப்பில் தேர்வு என்பது. நடுவண் சட்டப்படி மாநிலத் தேர்வுகள் மூன்றாம் வகுப்பில் தொடங்குகின்றன. குழந்தை வாசிக்கக் கற்றுக்கொள்ளும் அதற்கு முந்தைய ஆண்டுகள் அட்டவணையில் தெரிவதில்லை. மூன்றாம் வகுப்பின் முதல் மதிப்பெண், பள்ளியின் உழைப்பையும் வீட்டின் வசதியையும் சேர்த்தே சுமக்கிறது. ஆகவே ஒரு புள்ளியில் நின்று பார்க்கும் தேர்ச்சி விழுக்காட்டைவிட, அதே மாணவர் ஓராண்டில் எவ்வளவு முன்னேறினார் என்ற வளர்ச்சி அளவு பள்ளியைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லும்.

ஆய்வுகள் காட்டுவது

குலுக்கல் முறையைப் பயன்படுத்திக் கனெக்டிகட் மேக்னட் பள்ளிகளை ஆராய்ந்து ராபர்ட் பிஃபுல்கோ, கேசி காப், கோர்ட்னி பெல் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, நகர மாணவர்களுக்கு இப்பள்ளிகளால் நன்மை உண்டு என்று கண்டது. ஆனால் அந்த ஆய்வு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றியது. அதன் முடிவை அப்படியே தொடக்கப் பள்ளிக்குப் பொருத்துவது பிழை. சாதாரணத் தொடக்கப் பள்ளிகள் மேக்னட்டாக மாறியபோது என்ன நடந்தது என்பதை ஆராய்ந்து 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு, மாணவர் கலப்பிலும் தேர்ச்சியிலும் ஏற்பட்ட மாற்றம் எல்லாப் பள்ளிகளிலும் ஒரே சீராக இல்லை என்று காட்டியது. பெயர்ப்பலகையை மாற்றினாலே கற்றல் மாறிவிடாது என்பதை இதிலிருந்து கொள்ளலாம்.

பணத்தின் பங்கும் இவ்வாறே எச்சரிக்கையுடன் பார்க்கத்தக்கது. மிசூரி மாநிலத்தின் கான்சாஸ் நகரில் நீதிமன்ற ஆணைப்படி நூறு கோடி டாலருக்கு மேல் செலவிட்டு ஏறத்தாழ நகரப் பள்ளிகள் முழுவதையும் மேக்னட் முறைக்கு மாற்ற முயன்றனர். புறநகர் வெள்ளையினக் குழந்தைகள் எதிர்பார்த்த அளவில் வரவில்லை. 1995இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில், புறநகர் மாணவரை ஈர்ப்பதைக் குறிக்கோளாகக் கொண்டு செலவிட ஆணையிடுவது கீழ் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்றது. மாணவர் மதிப்பெண்கள் தேசியச் சராசரியை எட்டும்வரை தீர்வைத் தொடர்வதையும் அது ஏற்கவில்லை.

அத்தீர்ப்பில் கறுப்பின நீதிபதியான கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தனிக் கருத்து இன்றும் விவாதிக்கப்படுகிறது. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி தானாகவே தாழ்ந்தது என்ற ஊகத்தை அவர் எதிர்த்தார். அவருடைய முடிவுகளோடு நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அக்கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. வெள்ளைக் குழந்தையின் அருகில் உட்கார்ந்தால் கறுப்புக் குழந்தைக்கு அறிவு வரும் என்று எவரேனும் நினைத்தால் அது இழிவு. அருகமர்தலால் கிடைப்பது வேறு. செல்வாக்குள்ள பெற்றோரின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியர் பணியிடம் காலியாக இராது, நூலகம் பூட்டிக்கிடக்காது, கூரை ஒழுகினால் மறுநாள் ஆள் வரும். வளத்தையும் அதிகாரத்தையும் தேடியே ஒடுக்கப்பட்டோர் அந்தக் கதவைத் தட்டுகிறார்கள்.

ஒரே கூரைக்குள் இரண்டு பள்ளிகள்

சேர்க்கைப் பட்டியல் கலப்பாக இருந்தும் வகுப்பறை கலப்பாக இல்லாத பள்ளிகள் உண்டு. சாதாரணப் பள்ளிக் கட்டடத்துக்குள் மேக்னட் பிரிவு தனியே இயங்கும் இடங்களில், ஒரு மாடியில் ஒரு வகையினரும் மறு மாடியில் வேறு வகையினரும் படிப்பது நிகழ்கிறது. முழுப்பள்ளியும் மேக்னட்டாக இருந்தாலும், ‘திறன்மிக்கோர்’ பிரிவு, வாசிப்புக் குழுக்கள் ஆகியவை குழந்தைகளை மீண்டும் இனவாரியாகப் பிரித்துவிடலாம். நாடு முழுவதும் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்படுவோரில் கறுப்பினக் குழந்தைகளின் பங்கு, சேர்க்கையில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகம் என்பதை நடுவண் கல்வித் துறையின் குடியுரிமைத் தரவுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. ஆகவே வாயிலில் எண்ணினால் போதாது; வகுப்பறைக்குள்ளும் தலைமையாசிரியர் அறை வாசலிலும் எண்ண வேண்டும்.

மெக்கார்வர் பள்ளி கற்பித்த பாடம்

நாட்டின் முதல் மேக்னட் பள்ளிக்குப் பின்னாளில் நேர்ந்ததைச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவு பெறாது. பல பத்தாண்டுகள் கழித்து மெக்கார்வர் மீண்டும் வறுமை மிகுந்த பள்ளியாகவே இருந்தது. வீடற்ற, வாடகை கொடுக்க இயலாத குடும்பங்கள் இடம்விட்டு இடம் பெயர்ந்ததால், கல்வியாண்டின் நடுவே பள்ளியை விட்டுச் செல்வோரும் புதிதாக வந்து சேர்வோரும் அங்கே ஏராளம். சில ஆண்டுகளில் இந்த வரவும் போக்கும் மொத்தச் சேர்க்கையின் 100 விழுக்காட்டையும் தாண்டியது. செப்டம்பரில் ஆசிரியர் பாடம் தொடங்கிய வகுப்பும் ஜூனில் தேர்வெழுதிய வகுப்பும் வெவ்வேறு குழந்தைகளைக் கொண்டிருந்தன.

2011இல் டகோமா வீட்டுவசதி ஆணையம் ஒரு முயற்சி செய்தது. அப்பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் 50 வறிய குடும்பங்களுக்கு, பிள்ளையை அதே பள்ளியில் தொடர்ந்து படிக்கவைக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன், வாடகை உதவி வழங்கியது. குழந்தையின் வீட்டுக் கூரையை நிலைநிறுத்தியது. 1968இல் அப்பள்ளி வெளியிலிருந்து மாணவரை ஈர்க்க முயன்றது. 2011இல் கேட்கப்பட்ட கேள்வி, ஏற்கெனவே உள்ள குழந்தை அங்கேயே தங்க என்ன வேண்டும் என்பது. இரண்டாவது கேள்வி முதலிலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டியது என்பது நமது கருத்து.

கேட்க வேண்டிய கேள்விகள்

‘இப்பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு உயர்ந்துள்ளது’ என்ற செய்தியை எங்கு கண்டாலும், களத்தில் இருப்போரும் மாணவர்களும் கீழ்க்கண்டவற்றைக் கேட்கலாம்.

1. சென்ற ஆண்டிலிருந்து சேர்க்கைப் பட்டியல் எப்படி மாறியுள்ளது? குறைந்த பிரிவு எது?
2. ஒவ்வொரு பிரிவின் தேர்ச்சியும் தனித்தனியே உயர்ந்துள்ளதா, சராசரி மட்டும் உயர்ந்துள்ளதா?
3. இடம் எப்படி வழங்கப்படுகிறது: குலுக்கலா, தேர்வா, முகவரியா? விண்ணப்பம் எந்தெந்த மொழிகளில் கிடைக்கிறது? பேருந்து வசதி உண்டா?
4. எத்தனை இருக்கைகள் காலி, எத்தனை குழந்தைகள் காத்திருப்போர் பட்டியலில்? அக்குழந்தைகள் யார்?
5. பள்ளிக்குள் சிறப்புப் பிரிவுகளில் யார் இருக்கிறார்கள்? தண்டிக்கப்படுவோர் யார்?
6. ஆண்டின் நடுவே எத்தனை பேர் வெளியேறினர்? ஏன்?
7. இப்பள்ளிக்கு ஒதுக்கிய நிதியால் பக்கத்துப் பள்ளி எதை இழந்தது?

ஏழாவது கேள்வியை நாம் வேண்டுமென்றே இறுதியில் வைத்துள்ளோம். குலுக்கலில் வென்ற குழந்தைக்கு ஒரு நல்ல பள்ளி கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் உரிமை என்பது குலுக்கலில் விழும் பரிசாக இருக்க முடியாது. கனெக்டிகட் அரசமைப்புச் சட்டம் கல்வியை எல்லாக் குழந்தைகளுக்கும் உறுதிசெய்தது; சீட்டு விழுந்த குழந்தைக்கு மட்டும் உறுதிசெய்யவில்லை. ஷெஃப் வழக்கின் முப்பதாண்டுப் போராட்டம் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குக் கதவைத் திறந்தது. அதே நகரில், காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிவிட்டுப் பழைய பள்ளிக்கே திரும்பிய குழந்தைகளின் தேர்ச்சி விழுக்காடும் ஏதோ ஓர் அறிக்கையில் அச்சாகியிருக்கிறது. மேக்னட் பள்ளியின் வெற்றியை எழுதும்போது அந்த அறிக்கையையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.